மாதச் சொற்பொழிவுக்குக் கூட்டம் குறைவது ஏன்? முதியோர் கற்றல் குழுக்கள் பற்றிய சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். சென்னைப் புறநகர்க் குடியிருப்பு ஒன்றின் மூத்த குடிமக்கள் சங்கச் செயலாளர் அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர் கேட்பது இதுதான்: "மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஒரு பேச்சாளரை அழைத்துச் சொற்பொழிவு நடத்துகிறோம். தொடக்கத்தில் அரங்கு நிரம்பியது. இப்போது பாதி நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. நல்ல பேச்சாளர்கள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. வெளிநாடுகளில் முதியோருக்கென்றே மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் நடத்துகிறார்களாமே, அதை இங்கே எங்களால் நடத்த முடியுமா? அறுபத்தைந்துக்கு மேல் புதிதாகப் படித்தால் மனத்தில் நிற்குமா?"

ஐயா, முடியும் என்பதே என் விடை. ஆனால் நல்ல பேச்சாளர் கிடைக்காததால்தான் கூட்டம் குறைகிறது என்ற உங்கள் கணிப்போடு எனக்கு உடன்பாடில்லை. கேட்பதற்கு மட்டுமே அழைக்கப்படுகிற கூட்டம், பேசுபவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நாளடைவில் கரையத்தான் செய்யும். வந்தவருக்கு அங்கே செய்வதற்கென்று ஒரு வேலையும் இல்லை. அவர் வராவிட்டால் எதுவும் நின்றுபோவதும் இல்லை. அப்படியிருக்க, முழங்கால் வலிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவர் எதற்காகப் படியிறங்கி வர வேண்டும்?

நீங்கள் குறிப்பிடும் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகத்தின் (மூன்றாம் பருவம் என்பது ஓய்வுபெற்ற பின் வரும் வாழ்க்கைப் பருவம்) வரலாற்றிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. 1973ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில், பன்னாட்டுச் சட்டப் பேராசிரியரான பியர் வெல்லாஸ் என்பவர் தம் பல்கலைக்கழகத்தின் கதவுகளை ஓய்வுபெற்றவர்களுக்குத் திறந்துவிட்டார். பாடம் சொன்னவர்கள் பேராசிரியர்கள். வகுப்பறைகளும் வசதிகளும் பல்கலைக்கழகத்தினுடையவை. முதியவர்கள் வந்து அமர்ந்து கேட்டார்கள். அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது, சில ஆண்டுகளிலேயே அண்டை நாடுகளுக்கும் பரவியது.

1981இல் இந்த யோசனை பிரிட்டனுக்கு வந்தபோது அங்கே நிலைமை வேறாக இருந்தது. பல்கலைக்கழகங்களுக்கான அரசு நிதி வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற கருத்தை அந்நாட்டில் முன்வைத்தவர்களுள் ஒருவரான மைக்கேல் யங், கல்வியாளர் எரிக் மிட்வின்ட்டர் ஆகிய மூவரும் கலந்துபேசி, பேராசிரியர்களையும் கட்டடங்களையும் எதிர்பார்க்காத ஓர் ஏற்பாட்டை வகுத்தார்கள். உறுப்பினர்களே ஆசிரியர்கள், உறுப்பினர்களே மாணவர்கள். கற்பிப்பவரும் கற்க வேண்டும், கற்பவரும் கற்பிக்க வேண்டும் என்பது லாஸ்லெட் எழுதி வைத்த விதி. நுழைவுத் தகுதி, தேர்வு, பட்டம் எதுவும் கிடையாது, கற்பிப்பவருக்குச் சம்பளமும் கிடையாது. ஆண்டுச் சந்தா ஒன்று உண்டு. இப்படி ஊர்தோறும் தோன்றிய கிளைகளுக்கெல்லாம் பொதுவாக 1983இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்க் கிளைகளும் ஏறத்தாழ நான்கு லட்சம் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். பணம் இல்லாத குறையிலிருந்து பிறந்த ஏற்பாடுதான் இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

அந்தக் கிளைகளிலும் உங்களுடையதைப் போன்ற மாதக் கூட்டம் உண்டு, பேச்சாளர் வருவார், தேநீர் உண்டு. ஆனால் கிளையின் உயிர் அதில் இல்லை. எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்கள் வாரத்துக்கு ஒருமுறையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் கூடி, ஒரு மொழியையோ உள்ளூர் வரலாற்றையோ தாவரங்களையோ தொடர்ந்து படிக்கின்றன. மாதக் கூட்டம் புதியவர்கள் அந்தக் குழுக்களை அறிந்துகொள்வதற்கான இடமாக இருக்கிறது. உங்கள் சங்கத்தில் மாதக் கூட்டம் மட்டும் இருக்கிறது, அதைத் தாங்கி நிற்கிற குழுக்கள் இல்லை.

இந்தப் பழக்கம் நமக்கு அந்நியமானது என்று யாரேனும் சொன்னால், திருவாசக முற்றோதல் நடக்கும் ஏதேனும் ஒரு கோயில் மண்டபத்துக்கு அவரை ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். காலையில் தொடங்கி, ஐம்பத்தொரு பகுதிகளையும் 658 பாடல்களையும் அனைவரும் சேர்ந்து பாடி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும்; எழுபதைக் கடந்தவர்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதே பெரியவர்கள்தான் ஒரு மணி நேரச் சொற்பொழிவில் இருபதாம் நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பக்தி ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் வாய்க்கும் கண்ணுக்கும் வேலை இருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: மனத்தில் நிற்குமா? வயது ஏற ஏற, புதிய செய்தியை விரைவாக வாங்கிக்கொள்ளும் திறன் குறைகிறது என்பது உண்மை; பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை, ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிப்பது கடினமாகிறது. சொல்வளமும் உலகறிவும் அப்படிக் குறைவதில்லை. எழுபது வயது வரையிலும்கூடப் பெரும்பாலானவர்களுக்கு அவை நிலையாக இருக்கின்றன. ஆகவே, ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு ஒட்டவைக்க முடிகிற புதிய செய்தி முதியவர்கள் மனத்தில் நன்றாகத் தங்கும். எதனோடும் ஒட்டாமல் வருவது வந்த வழியே போய்விடும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளரின் குழு செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. உங்கள் சங்கத்துக்கு அது மிகவும் பொருந்தும். அறுபது முதல் தொண்ணூறு வயது வரையிலான 221 பேரைப் பிரித்து, வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வீதம் மூன்று மாதங்கள் ஈடுபடுத்தினார்கள். சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக்கலை, சிலருக்குத் துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் கலை, வேறு சிலருக்கு இரண்டும் கற்பிக்கப்பட்டன. இன்னொரு பிரிவினர் கூடிப் பேசுவது, உலா செல்வது போன்ற இனிய பொழுதுபோக்குகளில் ஈடுபட்டார்கள். மற்றொரு பிரிவினர் வீட்டிலேயே இருந்து ஆவணப்படம் பார்த்தார்கள், இசை கேட்டார்கள். புதிய கலையைக் கற்றவர்களுக்கு, குறிப்பாகக் கேமராவைக் கற்றவர்களுக்கு, நிகழ்வுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் மேம்பட்டிருந்தது. கூடிக் களித்தவர்களிடம் அந்த அளவுக்கு மாற்றம் தென்படவில்லை. இதை வைத்துக்கொண்டு, சங்கத்தில் சேர்ந்தால் மறதி நோய் வராது என்று துண்டறிக்கை அச்சடித்துவிடாதீர்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. சற்றுக் கடினமான ஒன்றைக் கையால் செய்து பழகுவது, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காட்டிலும் பயன் தருகிறது என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் யார் கற்பிப்பது? பேச்சாளர் பட்டியலை மூடி வைத்துவிட்டு உங்கள் உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் இருந்தால், பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றை எப்படிப் படிப்பது என்று ஆறு வாரத்துக்கு வகுப்பெடுக்கலாம். அவரவர் வீட்டுப் பத்திர நகலைக் கொண்டுவந்து வரிவரியாகப் படிக்கிற அந்த வகுப்புக்கு வராமல் இருப்பவரைக் காட்டுங்கள் பார்ப்போம். வங்கியில் பணியாற்றியவர், கைப்பேசி வழியே நடக்கும் பண மோசடிகளைப் பற்றி ஒரு மணி நேரம் அச்சுறுத்திப் பேசுவதற்குப் பதிலாக, போலிக் குறுஞ்செய்திகளையும் உண்மையானவற்றையும் கலந்து கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம்; 1930 என்ற புகார் எண்ணை ஒவ்வொருவர் கைப்பேசியிலும் அங்கேயே சேமிக்கச் செய்யலாம். செவிலியராக இருந்த அம்மையார் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கச் சொல்லித்தரலாம். "எனக்கு என்ன தெரியும்?" என்றுதான் முதலில் எல்லாரும் சொல்வார்கள், குறிப்பாகப் பெண்கள். ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள்.

எவருக்குமே முன்பு தெரியாத ஒரு பொருளைக் குழுவாகச் சேர்ந்து கற்பது இன்னும் சிறப்பு. உங்கள் பகுதியில் கல்வெட்டு உள்ள பழைய கோயில் ஒன்று நிச்சயம் நடந்துபோகும் தொலைவிலோ பேருந்துத் தொலைவிலோ இருக்கும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற தொகுதிகளை இந்தியத் தொல்லியல் துறை 1890 முதல் வெளியிட்டு வருகிறது. பல தொகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் கோயிலின் கல்வெட்டு பதிப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுவது ஒருவர் வேலை, கல்வெட்டு வாசகத்தை எழுத்தெழுத்தாகப் படிப்பது இருவர் வேலை, அதில் வரும் நில அளவைகளையும் வரிப் பெயர்களையும் விளக்குவது வருவாய்த் துறையில் இருந்தவர் வேலை. அரையாண்டு முடிவில் அந்தக் குழுவே மாதக் கூட்டத்தில் பேசட்டும். அன்றைக்கு நாற்காலி போதாமல் போகும், ஏனென்றால் பேசுகிறவர்களின் பேரப்பிள்ளைகளும் வருவார்கள்.

மாதச் சொற்பொழிவை நிறுத்திவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். அதை நடத்தும் முறையை மாற்றுங்கள். முதலாவது, காது. வயது மூப்பால் வரும் செவிக்குறையில் உயர் ஒலிகள்தாம் முதலில் மங்குகின்றன. மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவுபவை பெரும்பாலும் அந்த ஒலிகளே. சத்தம் கேட்கும், சொல் புரியாது. "எனக்கு மைக் வேண்டாம், நான் உரக்கவே பேசுவேன்" என்று சொல்கிற பேச்சாளரைத் தயவுசெய்து மைக் இல்லாமல் பேசவிடாதீர்கள். உரக்கக் கத்தும்போது உயிரொலிகள் பெருகுகிற அளவுக்கு மெய்யொலிகள் பெருகுவதில்லை. மின்விசிறியின் இரைச்சலும் வாசல் போக்குவரத்தும் மிச்சத்தை விழுங்கிவிடும். பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், ஏனென்றால் காது மங்கியவர்கள் தம்மை அறியாமலே உதட்டைப் படிக்கிறார்கள். அடுத்தது கண். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் எட்டிய ஒளியில் மூன்றில் ஒரு பங்கே எட்டுகிறது என்பார்கள் கண் மருத்துவர்கள். திரையில் படம் தெரிய வேண்டும் என்று அரங்கை முழுவதும் இருட்டாக்கிவிட்டு, அவர்களைக் குறிப்பெடுக்கச் சொல்வது நியாயமில்லை.

நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒருவரைப் பேசவிட வேண்டாம். பிறகு இடைவேளை, அதன்பின் நான்கு நான்கு பேராக அமர்ந்து, குறிப்பைப் பார்க்காமல், கேட்டதில் நினைவிருப்பதை ஒருவருக்கொருவர் சொல்லட்டும். படித்ததை மறுபடி படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நீண்ட நாள் தங்கச் செய்கிறது என்பது கல்வி உளவியலில் நன்கு நிறுவப்பட்ட ஒன்று. பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் வரவேற்புரைக்கும் இப்போது செலவாகும் நேரத்தை எடுத்தாலே இதற்குப் போதும். (வரவேற்புரை பேச்சாளரின் உரையைவிட நீண்டுபோன கூட்டங்களில் நான் அமர்ந்திருக்கிறேன்.)

நேரத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். மாலை ஆறு மணி என்று ஏன் வைத்தீர்கள்? அலுவலகம் போய்வந்த காலத்துப் பழக்கம்தானே? நீரிழிவுக்கு மருந்தெடுப்பவர்களுக்கு எட்டு மணிக்குள் உணவு வேண்டும், இருட்டிய பின் மேடுபள்ளமான தெருவில் நடப்பது விழுவதற்கு வழி, பெண்களுக்கோ அது அடுப்படி நேரம். உங்கள் கூட்டத்தில் பெண்கள் மிகக் குறைவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; ஆர்வம் இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், வார நாளொன்றில் காலை பத்தரை மணிக்குக் கூட்டத்தை வைத்துப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், சமையல் முடிந்திருக்கும்.

பட்டமே பெற வேண்டும் என்று விரும்புகிற உறுப்பினர்களும் இருக்கக்கூடும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் படிப்புகளில் சேர வயது உச்சவரம்பு இல்லை. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான சுவயத்தில் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம், சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். அந்த வழியில் போகிறவர்கள் தனித்தனியே படிக்காமல், ஒரே பாடத்தை மூவர் நால்வராகச் சேர்ந்து எடுத்துக்கொண்டால் பாதியில் விட்டுவிடும் வாய்ப்பு குறையும்.

கடைசியாக, வெளியே வர இயலாத உறுப்பினர்களுக்காக உரைகளைப் பதிவுசெய்து வாட்ஸப்பில் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஒரு மணி நேர ஒலிப்பதிவைப் படுக்கையில் இருப்பவர் தனியே கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது. குழுக்கள் அமைந்தபின், ஒவ்வொரு குழுவும் மாதத்தில் ஓர் அமர்வை அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டிலேயே, அவருக்கும் வீட்டாருக்கும் ஒப்புதல் இருந்தால், நடத்தலாம். நால்வர் போனால் போதும், அன்றைய பாடத்தில் ஒரு பகுதியை அவரே வாசிக்கும்படி முன்கூட்டியே, பெரிய எழுத்தில் அச்சடித்து, அவரிடம் கொடுத்துவிடுங்கள்.