நவம்பர் 1, 1954: புதுச்சேரியும் அல்ஜீரியாவும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நவம்பர் முதல் தேதி என்றதும் புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டும், எல்லைக்கு அப்பால் கடலூரில் இருப்பவர்களுக்கு மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956ஆம் ஆண்டும் நினைவுக்கு வரும். கம்பெனி ஆட்சியை முடித்துவைத்த விக்டோரியா அரசியின் பிரகடனம் 1858இல் வாசிக்கப்பட்டதும் இதே தேதியில்தான். இவை ஒன்றுகூடியது தற்செயல். அதற்குமேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை. ஆனால் 1954 நவம்பர் முதல் தேதி அப்படியல்ல. தேதியோடு ஆண்டும் ஒன்றாக, ஆண்ட பிரெஞ்சு அரசும் ஒன்றாக, அன்று இரு கண்டங்களில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன.

புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளின் நிர்வாகத்தை அன்று காலை இந்திய அரசின் சார்பில் கேவல் சிங் ஏற்றுக்கொண்டார். அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்திருந்தார்கள். எதிர்த்தவர்கள் 8 பேர். மூன்றே நாளில் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இறுதி நாள்கள் அமைதியாகக் கழிந்தன என்பதற்காக, 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த 12 ஆலைத் தொழிலாளர்களை நாம் கணக்கில் விட்டுவிடக் கூடாது.

அதே நவம்பர் முதல் தேதியின் அதிகாலை இருளில், அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணியினர் காவல் நிலையங்களையும் படை முகாம்களையும் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். ஏழரை ஆண்டுகள் நீடித்து, பல லட்சம் உயிர்களைக் குடித்த போர் அன்று தொடங்கியது.

இரண்டு நிகழ்ச்சிகளின்போதும் பிரான்சின் பிரதமர் பியர் மென்டெஸ் பிரான்ஸ்தான். அந்த ஆண்டு மே மாதம் வியட்நாமின் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றபின், ஜூலையில் இந்தோசீனப் போருக்கு முடிவு கண்டவர் அவர். புதுச்சேரியை ஒப்படைத்த அதே மனிதர், நவம்பர் 12ஆம் தேதி பாரிஸ் நாடாளுமன்றத்தில், அல்ஜீரியா பிரெஞ்சுக் குடியரசின் பிரிக்க முடியாத பகுதி என்று உறுதியாகச் சொன்னார். அவருடைய தாராள மனத்தைப் புகழ்வதோ கடின மனத்தைப் பழிப்பதோ இங்கே போதுமான விளக்கம் ஆகாது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்கு வணிகத்துக்காக ஏற்பட்ட சிறு துறைமுகக் குடியேற்றம்; சுற்றிலும் இந்திய நிலம். அல்ஜீரியாவிலோ ஏறத்தாழ பத்து லட்சம் ஐரோப்பியர் குடியேறி, நிலமும் வாக்குரிமையும் பெற்று வாழ்ந்தார்கள். அவர்களை மீறி முடிவெடுக்க பாரிஸில் நெடுநாள் எந்த அரசுக்கும் துணிவு வரவில்லை.

அந்தத் தயக்கம் நம் ஊரையும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பளிக்கும் செய்தி. புதுச்சேரியைச் சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே 28ஆம் தேதியே கையெழுத்தானபோதிலும், அல்ஜீரியச் சிக்கல் தீரும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. அல்ஜீரியா 1962 ஜூலை 5ஆம் தேதியை விடுதலை நாளாகக் கொண்டாடியது. ஆறு வாரம் கழித்து, ஆகஸ்டு 16ஆம் தேதி, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியானது. அதன்பின் வந்த ஆறு மாதக் கெடுவுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள், இன்றும் பிரான்சின் தேர்தல்களுக்குப் புதுச்சேரியிலிருந்தே வாக்களிக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.