மேலிருந்து வெட்டி இறங்கும் கோல்ஃப் டவுன்ஸ்விங்: பாதைக்கு முன் பிடியைத் திருத்துங்கள்

[காட்சி: வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் டிரைவரைச் சுழற்றுகிறார், கேமரா இலக்குக் கோட்டின் பின்னால் நிற்கிறது.]

வணக்கம். கோல்ஃபில் தொலைவுக்கு அடிக்கும் நீண்ட கிளப்பான (மட்டையான) டிரைவரால் அடித்த பந்து சற்று இடப்பக்கமாகப் புறப்பட்டு நடுவானில் வலப்பக்கம் வளைந்து போவதும், அதைவிடக் குட்டையான கிளப்பாகிய அயர்னால் அடித்த பந்து வளையாமல் இடப்பக்கமே இழுத்துக்கொண்டு போவதும் பெரும்பாலும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். டவுன்ஸ்விங், அதாவது கிளப்பைக் கீழிறக்கும் வீச்சு, தொடங்கும் கணத்தில் வலத் தோள் பந்தை நோக்கிப் பாய்வதால், கைகள் உடலைவிட்டு வெளியே தள்ளப்பட்டு, கிளப்பின் தலை, பந்தையும் இலக்கையும் இணைக்கும் இலக்குக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டிக்கொண்டு இறங்குகிறது. இதைத்தான் ‘ஓவர் தி டாப்’ என்கிறார்கள்.

பலர் பேக்ஸ்விங்கை, அதாவது கிளப்பைப் பின்னே தூக்கும் வீச்சை, குறை சொல்கிறார்கள். ஆனால் அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜிம் ஃப்யூரிக் கிளப்பை வெளிப்பக்கமாகச் செங்குத்தாகத் தூக்கி, இறங்கும்போது உள்ளே சாய்த்துக்கொள்பவர். அந்த ஸ்விங்கைக் கொண்டே 2003இல் யு.எஸ். ஓப்பனை வென்றார், 2016 டிராவலர்ஸ் சாம்பியன்ஷிப்பின் இறுதிச் சுற்றைப் பந்தை 58 முறை மட்டுமே அடித்து முடித்தார். எப்படி ஏறியது என்பதைவிட எப்படி இறங்குகிறது என்பதே முக்கியம்.

[காட்சி: இடக்கைப் பிடி, அண்மையில்.]

பாதையைத் தொடுவதற்கு முன் பிடியைப் பாருங்கள். இந்த வரிசையை நான் அழுத்திச் சொல்கிறேன். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மோதும் கணத்தில் கிளப் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, பார்க்கும் திசை. வளைவைத் தீர்மானிப்பது அந்த முகத்துக்கும் கிளப் செல்லும் பாதைக்கும் இடையிலான கோணம். முகம் திறந்திருந்தால், அதாவது வலப்பக்கம் பார்த்திருந்தால், பந்து வலப்பக்கம் போகிறது; அதைக் கண்டு பழகிய உடல், நாம் அறியாமலேயே இடப்பக்கமாக வீசக் கற்றுக்கொள்கிறது; முகம் அப்படியே இருக்க, வீச்சு இடப்பக்கம் சாயச் சாய வளைவும் கூடுகிறது. ஆகவே இடக்கையைச் சற்று வலப்பக்கம் திருப்பி, மேலிருந்து குனிந்து பார்க்கும்போது இரண்டு அல்லது மூன்று விரல் கணுக்கள் தெரியும்படி பிடியுங்கள். முகம் மூடத் தொடங்கிய பிறகே உடல் அந்தப் பழைய ஈடுகட்டலைக் கைவிடச் சம்மதிக்கும்.

[காட்சி: மெதுவான ஓட்டத்தில் டவுன்ஸ்விங்.]

டவுன்ஸ்விங் ஏறக்குறைய கால் விநாடியில் முடிந்துவிடுவதால், நடுவில் அதைத் திருத்த இடமே இல்லை. தொடக்கம்தான் நம் கையில் இருக்கிறது. முதுகு இன்னும் இலக்கை நோக்கியிருக்கும்போதே எடை இடக்காலுக்கு மாறி, இடுப்பு திரும்பத் தொடங்க வேண்டும். தோள்கள் அதன் பின்னரே வர வேண்டும். அப்போது கைகள் வலப்பக்க விலாவை ஒட்டி இறங்குகின்றன.

[காட்சி: பந்துக்கு வெளிப்பக்கம் டிரைவரின் மென்மையான உறை.]

உறையைப் பந்துக்கு அப்பால், இலக்குக் கோட்டுக்கு வெளியே, சற்றுப் பின்தள்ளி வையுங்கள். வெளியிலிருந்து வரும் கிளப் முதலில் அதைத்தான் தட்டும். 7ஆம் எண் அயர்னை எடுத்து, பந்தைத் தாழ்வான டீயில் (பந்தைத் தாங்கும் சிறு குச்சியில்) வைத்து, வலப்பாதத்தைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டு, பாதி வேகத்தில் அடியுங்கள். தொடக்கத்தில் சில பந்துகள் வலப்பக்கம் போகும், சில இடப்பக்கம் சுருளும். பாதை மாறும்போது அப்படித்தான் நடக்கும் என்பதால், அதற்காகப் பழைய வீச்சுக்குத் திரும்பிவிடாதீர்கள். தொடர்ந்து பத்து வீச்சுகளில் உறை அசையாத நாளில் பாதத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, முழு வேகத்தைக் கூட்டுங்கள். டிரைவரை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.