ஒரே ஓர் எழுத்து

வணக்கம். ஏதோ வேலையைப் பார்த்துக்கொண்டே ஒரு காதை மட்டும் வானொலிப் பக்கம் கொடுத்திருப்பவர்களுக்கும் சேர்த்து வணக்கம். காது என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்குப் பிறகு வருவேன், அது என் பைத்தியம்.

என் அம்மாவுக்கு அல்சைமர் நோய் ஒன்பது வருடம் இருந்தது. பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டவர், ஒரு நாள் சாயங்காலம் நான் அறைக்குள் போனதும், 'வாங்க, உட்காருங்க, ரொம்ப தூரத்திலிருந்து வர்றீங்களா?' என்றார். அத்தனை மரியாதை. என் பெயரை மறந்தபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. அந்த 'ங்க'தான் இன்றைக்கும் குத்துகிறது.

அவர் போன பிறகு நான் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். குழாயில் கொஞ்சம் எச்சில் துப்பிக் கொடுத்தால் போதும். வந்த தாளில் ஏபிஓஇ 3/4 என்று போட்டிருந்தது.

ஏபிஓஇ என்பது 19ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. மூளைக்குள் கொழுப்பைச் சுமந்துபோய்ச் சேர்க்கிற ஒரு புரதத்துக்கான குறிப்பு அதில் இருக்கிறது. 2, 3, 4 என்று மூன்று வகை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு வருகிறோம். பெரும்பாலானவர்களிடம் இருப்பது 3. தொல்லை கொடுப்பது 4. அல்சைமர் நோயில் மூளையில் சேர்கிற அமிலாய்டு என்ற கசடை அகற்றுவதில் அது மந்தம். 3க்கும் 4க்கும் என்ன வித்தியாசம் தெரியுமா? டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து. தலையெழுத்து என்று பாட்டி சொன்னபோதெல்லாம் சிரித்த ஆள் நான். அது எழுத்தாகவே வந்து நின்றது.

ஒரு 4 இருந்தால் ஆபத்து சுமார் 2, 3 மடங்கு. இரண்டு இருந்தால் 8 மடங்குக்கு மேலும் போகலாம். மடங்கு என்று கேட்டால் வயிற்றைக் கலக்கும், தெரியும். ஆனால் 4 இருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள் நிறைய. 4 இல்லாமலே நோய் வந்தவர்களும் நிறைய. அநேகமாக வந்தே தீரும் என்கிற மரபணு மாற்றங்கள் வேறு. அவை நடுத்தர வயதிலேயே நோயைக் கொண்டுவரும். நோயாளிகள் 100 பேரில் ஒருவருக்குக்கூட அவை இருப்பதில்லை.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். ஜேம்ஸ் வாட்சன் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1953இல் டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர். 2007இல் அவருடைய மொத்த மரபணுத் தொகுப்பையும் படித்தெடுத்தார்கள். வாட்சன், எல்லாவற்றையும் உலகத்துக்கே போட்டுக் காட்டுங்கள் என்றார். ஒன்றே ஒன்றை மட்டும் எனக்கும் சொல்லாதீர்கள், ஊருக்கும் சொல்லாதீர்கள் என்றார். எது? இதே ஏபிஓஇ. அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. யோசித்துப் பாருங்கள், மரபணு என்றால் என்ன என்று உலகத்துக்குச் சொன்ன மனிதர், வயது 79, அந்த ஒரு வரியைப் படிக்கத் தைரியம் வரவில்லை. சரி என்று அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டு வெளியிட்டார்கள். அப்புறம்தான் வேடிக்கை. வேறு சில ஆய்வாளர்கள், ஐயா, அந்த மரபணுவை மறைத்துவிட்டீர்கள், பக்கத்து வீட்டு எழுத்துகளைப் பார்த்தாலே உள்ளே இருப்பது எது என்று ஊகித்துவிடலாமே என்றார்கள். கடைசியில் அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பெரிய துண்டாக வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கதையை நான் அக்காவிடம் சொன்னேன். அவள் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லிவிட்டவள். 'அப்போ நீ பார்த்தது என்னையும் பார்த்த மாதிரிதானே?' என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. உண்மைதான். ஒரே அம்மா, ஒரே அப்பா. என் எழுத்து அவளிடம் இருக்கக் குறைந்தது பாதி வாய்ப்பு. நான் வாட்சனின் பக்கத்து வீடு. (இதையெல்லாம் வானொலியில் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். பேரைச் சொல்லாமல் சொல்லிக்கோ என்றாள்.)

தாள் வந்த முதல் ஆறு மாதம் நான் மனுஷனாக இல்லை. சாவியை எங்கே வைத்தேன் என்று தேடினால், ஆரம்பித்துவிட்டது என்று நினைப்பு. நினைவாற்றல் மாத்திரை என்று எதைக் கண்டாலும் வாங்கினேன். குறுக்கெழுத்துப் போட்டியை நேரம் வைத்துப் போட்டேன். ஒரு கட்டம் நிரம்பாவிட்டால் தூக்கம் போச்சு. கடைசியில் டாக்டரிடம் போய் என் மரபணுவைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே என் கையில் பிபி பட்டையைச் சுற்றினார். 148க்கு 94. 'எழுத்தை அப்புறம் பார்ப்போம், இதை முதலில் பார்ப்போம்' என்றார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதை அளந்து பார்த்ததில்லை.

ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது மூளைக்குக் காவல் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2019இல் வெளிவந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு ஆரம்பநிலை நினைவுத் தடுமாற்றம் குறைவாகவே வந்தது. அது போதும் எனக்கு. மாத்திரை, உப்பைக் குறைத்தது, நடை. நடை என்றால், கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம். எனக்குப் பாட வராது என்பது வேறு விஷயம்.

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை உள்ள 1260 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு வந்தது 2015இல். பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மேல் ஒரு கண் என எல்லாமே சேர்த்து. மற்றவர்களுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இரண்டு வருடத்தில் மூளைத் திறன் சோதனைகளில் முதல் அணி முன்னே போயிற்று. நான் தேடித் தேடிப் படித்தது அதற்குப் பின்னால் வந்த கணக்கை: 4 இருந்தவர்களுக்கும் பலன் இருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன். அசட்டுத்தனம்தான், இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு நோய் வராமலே போனால், அது நடை போட்டதாலா, எப்படியும் வந்திருக்காதா என்று எனக்குத் தெரியவே போவதில்லை. நடை போட்டும் நோய் வந்தால் அப்போது என்னைத் திட்டிக்கொள்ளக் கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

சரி, காது. அம்மாவுக்கு மறதி வருவதற்குப் பல வருடம் முன்பே காது மந்தமாகிவிட்டது. நாங்கள் கவனிக்கவில்லை. எல்லோரும் சிரித்தால் அவரும் சிரிப்பார், ஒரு நொடி தாமதமாக. அப்புறம் எங்களோடு உட்காருவதையே குறைத்துக்கொண்டார். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். காது மந்தத்துக்கும் மறதிநோய்க்கும் தொடர்பு உண்டு என்பது இப்போது பலமாகப் பேசப்படுகிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் சொன்ன, மாற்றக்கூடிய 14 காரணங்களில் காதும் ஒன்று, கண்ணும் ஒன்று. அச்சீவ் என்ற ஆய்வில் காது மிஷின் கொடுத்து மூன்று வருடம் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், மூளைத் திறன் சரிகிற வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. கண்ணாடி போட யாரும் வெட்கப்படுவதில்லை, காது மிஷின் என்றால் மட்டும் டப்பாவுக்குள் வைத்துப் பூட்டுகிறோம்! திரும்பவும் சொல்கிறேன், வீட்டில் யாராவது ஒரு நொடி தாமதமாகச் சிரித்தால் அழைத்துப் போங்கள். மரபணுத் தாள் எதுவும் இதற்குத் தேவையில்லை.

நிலையத்துக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம். தூக்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், அப்படியே கிடக்கிறது. குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அது மட்டுமாவது. புகை பற்றியும் சொல்லவில்லை, விட்டுவிடுங்கள், புகையைத்தான்.

அக்கா, நீ கேட்டுக்கொண்டிருப்பாய். மிஷின் காதில் இருக்கிறதா, டப்பாவில் இருக்கிறதா? வணக்கம்.