வில்லன் கேட்ட கேள்வி எங்கே போனது?

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இன்று பேச எடுத்துக்கொண்டது 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரையும், அதன் அடுத்த தலைமுறைக் கதையான 'தி லெஜண்ட் ஆஃப் கோரா'வையும். முதல் தொடர் 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் மூன்று சீசன்களாக வந்தது. மொத்தம் 61 எபிசோடு. இரண்டாவது 2012 முதல் 2014 வரை நான்கு சீசன், 52 எபிசோடு. இரண்டையும் உருவாக்கியவர்கள் மைக்கேல் டான்டே டிமார்டினோவும் பிரையன் கோனியட்ஸ்கோவும். இந்த எண்ணிக்கையை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் தொடர் 61 எபிசோடையும் ஒரே போருக்குச் செலவழித்தது. இரண்டாவது தொடரோ 52 எபிசோடை நான்கு வில்லன்களுக்கும் நான்கு கொள்கைகளுக்கும் பங்கு பிரித்தது. அதன் எழுத்தில் நாம் காணும் குறைகளில் பாதிக்கு இந்தப் பங்கீடுதான் காரணம்.

ரசிகர்கள் கூடினால் விவாதம் ஒரே இடத்தில் சுற்றும். "அமோன் சொன்னது நியாயம்தானே?" "ஸஹீர் கேட்டதில் என்ன தப்பு?" இருவரும் கோரா தொடரின் வில்லன்கள். இப்படிக் கேட்டால் ஆளுக்கொரு கட்சி சேர்வதோடு பேச்சு முடிந்துவிடும். நான் வேறொரு கேள்வியை முன்வைக்கிறேன். வில்லன் விழுந்த பிறகு, அவன் எழுப்பிய கேள்விக்குக் கதைக்குள் யார் பதில் சொல்கிறார்கள்? இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், எந்த சீசன் நன்றாக எழுதப்பட்டது, எது பாதியில் கைவிடப்பட்டது என்பது தெளிவாகத் தெரியும்.

முதல் தொடரில், மற்ற நாடுகள்மேல் நூறு ஆண்டாகப் போர் நடத்தும் நெருப்பு நாட்டின் அரசன் ஓசாய் எந்தக் கேள்வியையும் எழுப்புவதில்லை. இரண்டு சீசன் வரை அவன் முகத்தைக்கூட நமக்குக் காட்டவில்லை. அப்படியானால் அந்தத் தொடரின் அரசியல் எங்கே இருக்கிறது? அவனைச் சுற்றி இருக்கிறது. மூன்றாம் சீசனின் இரண்டாவது எபிசோடில், மண், நீர், நெருப்பு, காற்று நான்கையும் ஆளும் 'அவதார்' ஆன ஆங், நெருப்பு நாட்டுப் பள்ளி ஒன்றில் மாறுவேடத்தில் உட்கார்ந்திருக்கிறான். காற்று நாட்டின் படையைத் தங்கள் முந்தைய அரசர் சோசின் போரில் வென்றதாக அங்கே சரித்திரப் பாடம் நடக்கிறது. காற்று நாட்டுத் துறவிகளுக்குப் படையே கிடையாது. அந்த இனத்தில் மிஞ்சிய ஒரே பையன் அங்கே உட்கார்ந்து அந்தப் பொய்யைக் கேட்கிறான். நூறு ஆண்டுப் போர் எதைத் தின்று வளர்ந்தது என்பதை ஒரு வகுப்பறையிலேயே சொல்லிவிட்டார்கள்.

அதே சீசனின் முடிவுக்கு முன்னால் ஒரு போர் ஆலோசனைக் கூட்டம் வருகிறது. மண் நாட்டு மக்கள் நம்பிக்கை இருக்கும்வரை எதையும் தாங்குவார்கள் என்கிறான் ஓசாயின் மகன் ஸூக்கோ. அவர்களை மதித்துச் சொன்ன சொல் அது. அப்படியானால் அந்த நம்பிக்கையையும் சேர்த்துக் கொளுத்திவிடலாம் என்று அவன் தங்கை அஸூலா அதைத் திருப்புகிறாள். நெருப்பின் ஆற்றலைப் பெருக்கும் வால்நட்சத்திரம் வரும் நாளில் நாட்டையே எரிக்கும் திட்டம் அங்கே பிறக்கிறது. நல்லவன் சொன்ன உண்மையைக் கொண்டே கொடுமை தீட்டப்படுகிறது. எழுத விரும்புகிறவர்கள் இந்தக் காட்சியை வரிவரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் முதல் தொடரின் தலைசிறந்த அரசியல் வில்லன், மண் நாட்டின் தலைநகரை உள்ளிருந்து இயக்கும் அதிகாரி லாங் ஃபெங்தான். பா சிங் சே என்ற அந்த நகரத்தின் மதிலுக்கு வெளியே போர் நடக்கிறது. உள்ளே போர் என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கக் கூடாது. ஜூ டீ என்ற வழிகாட்டிப் பெண் ஒருத்தி காணாமல் போனால், அதே பெயரோடும் அதே சிரிப்போடும் இன்னொருத்தி வந்து நிற்கிறாள். எதிர்த்துப் பேசியவர்கள் ஏரிக்கு அடியில் மூளைச் சலவைக்கு உள்ளாகிறார்கள். அரண்மனையில் இருக்கும் அரசன் குவெய்க்குப் போர் நடப்பதே தெரியாது. லாங் ஃபெங்குக்கு உலகத்தை ஆளும் ஆசை இல்லை. நகரம் கலையாமல் இருக்க வேண்டும், தன் பிடி தளராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அகதிகளுக்கு அங்கே உண்மையாகவே கூரையும் வேலையும் கிடைக்கின்றன. அமைதிக்கு என்ன விலை கொடுக்கலாம் என்ற கேள்வி அதனால்தான் கூர்மையாகிறது.

அவன் விழும் விதத்தையும் பாருங்கள். அதிகாரத்தோடு நிற்பவருக்குப் பணிவதுதான் அவன் தன் ரகசியக் காவல் படையான டாய் லீக்குக் கொடுத்த பயிற்சி. அஸூலா அவனைவிட உறுதியாக நின்றாள். படை அவள் பக்கம் போய்விட்டது. ஒரு அடி விழவில்லை. வில்லனின் முறையே வில்லனைக் கவிழ்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி கோரா. ஆங்குக்கு அடுத்து வந்த அவதார் அவள். முதல் சீசனில் அமோன். மண், நீர், நெருப்பு, காற்றை அசைக்கும் ஆற்றல் கொண்டவர்கள் பெண்டர்கள். அது இல்லாத சாதாரண மக்கள் அவர்களுக்குக் கீழே நசுங்குகிறார்கள் என்கிறான். இந்தக் குற்றச்சாட்டு வெறும் கூச்சல் இல்லை, கதையே அதற்குச் சாட்சி வைக்கிறது. எட்டாவது எபிசோடில், நகர ஆட்சிக் குழுவில் இருக்கும் டார்லோக், ஆற்றல் இல்லாதவர்களுக்கு மட்டும் ஊரடங்கு போடுகிறான். அவர்கள் குடியிருப்பில் மின்சாரத்தை நிறுத்துகிறான். வீதியில் இறங்கியவர்களைக் கூண்டோடு பிடித்துப் போகச் சொல்கிறான். கூட்டத்தில் ஒரு பெண் கோராவைப் பார்த்து, நீங்கள் எங்களுக்கும் அவதார்தானே என்று கேட்கிறாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? அமோனே நீரை ஆளும் பெண்டர் என்றும், முகத்தின் தழும்பு வெறும் சாயம் என்றும் தெரியவருகிறது. கடைசி எபிசோடில் தண்ணீரில் விழுந்ததும் சாயம் கரைகிறது, ஆதரவாளர்கள் கலைகிறார்கள். தலைவன் பொய்யன் என்று காட்டிவிட்டால் குறை பொய்யாகிவிடுமா? தெருவிளக்கை அணைத்தது அமோன் இல்லையே. இரண்டாம் சீசன் தொடங்கும்போது ஆறு மாதம் கடந்திருக்கிறது. பழைய ஆட்சிக் குழு போய், தேர்தலில் வந்த அதிபர் ரைகோ உட்கார்ந்திருக்கிறார். அவரும் ஆற்றல் இல்லாதவர்தான். மாற்றம் நடந்திருக்கிறது, ஆனால் திரைக்குப் பின்னால். நாம் பார்க்க வேண்டிய அரசியல் முழுவதும் அந்த ஆறு மாத இடைவெளியில் புதைந்துவிட்டது.

இதற்கு ஒரு தொழில் காரணம் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுத்தாளர்களை ஏசுவது நேர்மையாகாது. முதல் சீசன் 12 எபிசோடில் முடியும் குறுந்தொடராகவே திட்டமிடப்பட்டது, பிறகுதான் நீட்டிக்கப்பட்டது. 12 எபிசோடுக்குள் விளையாட்டுப் போட்டி, காதல் சிக்கல், டார்லோக், அமோன் எல்லாவற்றையும் மூடியாக வேண்டும். முகமூடி கழன்றால் ஒரே நிமிடத்தில் கதை முடியும். ஊரடங்குக்கு நியாயம் செய்ய அப்படி ஒரு நிமிடம் போதாது. இடம் குறையும்போது எழுத்து எப்போதும் ரகசியத்தை அவிழ்க்கும் பக்கமே சாயும்.

இரண்டாம் சீசனின் உனலாக் வில்லனாகச் சறுக்கியவன். வடக்கு நீர் இனம் தெற்கை ஆக்கிரமிக்கும் நல்ல உள்நாட்டுப் போரில் ஆரம்பித்துவிட்டு, கடைசியில் இருள் ஆவியோடு கலந்து நகரத்தில் நடக்கும் ராட்சசனாகிவிடுகிறான். உருவம் பெரிதாகப் பெரிதாக அரசியல் சிறுத்துப்போனது. ஆனால் நம் அளவுகோலில் அவனுக்கு மதிப்பெண் உண்டு. ஆவி உலகத்தின் வாசல்களை ஏன் மூடிவைக்க வேண்டும் என்பதுதான் அவன் கேள்வி. அந்த வாசல்களைத் திறந்தே விடலாம் என்று, அவன் தோற்ற பிறகு, கோராவே முடிவெடுக்கிறாள். அவனை எதிர்த்தவளே அவன் கேள்வியை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் சீசனில் எழுத்து முதிர்ந்துவிட்டது. மண் நாட்டு அரசி ஹூ-டிங், போர் நடப்பதே தெரியாமல் இருந்த அந்தக் குவெய்யின் மகள். கோராவையே வரி வசூலுக்கு அனுப்புகிறாள். வேலோடு நிற்கும் கள்வன் 'கொடு' என்பதும் கோலோடு நிற்கும் அரசன் கேட்பதும் ஒன்று என்று நமக்குப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காட்சியில் வழிமறித்த கொள்ளையரை கோரா விரட்டியடித்து அரசியின் பொன்னைக் காக்கிறாள். யார் கள்வர் என்ற சந்தேகம் நமக்கு வருகிறது. அரசுகளே வேண்டாம் என்னும் தன் கொள்கையை ஸஹீர் சொல்லும் முன்பே அவன் கட்சிக்கு ஆதாரம் சேர்ந்துவிட்டது. இதுதான் சரியான வரிசை. வில்லன் பேசும் முன், அவன் பேசப்போவதை அவனோடு தொடர்பில்லாத யாராவது அனுபவித்திருக்க வேண்டும்.

பத்தாவது எபிசோடில் ஸஹீர் அரசியின் மூச்சைப் பிடுங்கிக் கொல்கிறான். நீங்கள் விடுதலை பெற்றீர்கள் என்று வானொலியில் அறிவிக்கிறான். நகரம் சூறையாடப்படுகிறது. அரசன் இல்லாவிட்டால் மக்கள் தாமே ஒழுங்காக வாழ்வார்கள் என்ற அவன் நம்பிக்கையில்தான் பிழை இருக்கிறது. அவன் பொய்யன் இல்லை, போலி இல்லை. சொன்னதைச் செய்தான், செய்ததன் பலன் நம் கண் முன்னால் விளைந்தது.

நான்காம் சீசன் மூன்று ஆண்டு கழித்துத் தொடங்குகிறது, அந்தச் சூறையின் மேலேயே. வெற்றிடத்தை நிரப்ப உலோக நகரத்தின் தலைவி சூயினைக் கேட்டார்கள், அவர் மறுத்தார். அவரிடம் காவல் தலைவியாக இருந்த குவீரா முன்வந்தாள். முதல் எபிசோடில் யீ என்ற ஊரின் ஆளுநர், தன் ஊரை அவள் ஆட்சியில் சேர்க்கக் கையெழுத்துப் போட மறுக்கிறார். அடுத்து கொள்ளையர் ஊரின் உணவைப் பறிக்கிறார்கள். உதவிக்கு வந்த ஓபால், காய் என்ற இளைஞர்கள் இருவராலும் காக்க முடியவில்லை. ரயிலில் அரிசியும் படையும் வைத்துக்கொண்டு குவீரா காத்திருக்கிறாள். ஆளுநர் கையெழுத்துப் போடுகிறார். சர்வாதிகாரம் எப்படி வருகிறது என்பதைக் குழந்தைகள் தொடர் ஒன்று இத்தனை துல்லியமாகக் காட்டியதை நான் பெரிதும் மதிக்கிறேன். பசித்த ஊருக்கு அவள் அன்று செய்தது உதவியும்தான், பிடியும்தான்.

பிறகு முகாம்கள், ராட்சச இயந்திரம், ஆவிக்கொடிகளில் ஓடும் பீரங்கி. இறுதியில் கோராவிடம் அவள், சிறுவயதில் பெற்றோர் தன்னைக் கைவிட்டதைச் சொல்கிறாள். இங்கே எனக்கு உடன்பாடில்லை. காயம் உண்மையாக இருக்கலாம். ஆனால் யீ ஊரின் ஆளுநருக்கு அந்தக் காயம் பதில் ஆகாது. மண் நாட்டு முடிக்கு உரிய இளவரசன் வூ முடியாட்சியைக் கலைத்து, மாநிலங்களே தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்கிறான். அதுதான் ஸஹீருக்கும் குவீராவுக்கும் சேர்த்துத் தரும் பதில். சில வரிகளில் வந்து போய்விடுகிறது.

ரசிகர் கதை எழுதுகிறவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். அமோன் சாகவில்லை என்று கதை எழுதுவதை விட்டுவிட்டு, எட்டாவது எபிசோடின் அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போங்கள். கோராவிடம் கேள்வி கேட்ட பெண்ணுக்குப் பெயர் இல்லை. அமோனின் சாயம் கரைந்த செய்தி அவள் வீட்டுக்கு எட்டுகிறது. தெருவில் மறுபடி விளக்கு எரிகிறது. ஊரடங்கில் பிடித்துப் போனவர்கள் திரும்பி வந்தார்களா என்று நமக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்குள் தேர்தல் வரும். அங்கிருந்து எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.