கவனக்குறைவு யாருடையது?

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரே உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணிக்கும் வணக்கம். நான் பேசி முடித்த பிறகும் அந்தச் சிரிப்பு இருக்கிறதா என்று பார்ப்போம்.

ஒரு மாணவனிடம் கடைசிவரை தங்குவது ஆசிரியர் நடத்திய பாடமா, அவன்மேல் அவர் வைத்த அக்கறையா? இதுதான் தலைப்பு. பாடமே என்று எதிரணி அண்ணன் முழங்கினார். அப்படித் தங்கிய பாடத்தில் ஒன்றையாவது சொல்வார் என்று நானும் காத்திருந்தேன். கடைசியில் "எங்க தமிழ் ஐயா சிரிக்கிற சிரிப்பு இருக்கே" என்று ஆரம்பித்து, அந்தச் சிரிப்பிலேயே நேரத்தை முடித்துக்கொண்டார். நடுவரே, அதை எங்கள் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்த சகோதரி, சின்ன வயதிலேயே கண் பார்வையும் காது கேட்பதும் போய்விட்ட ஹெலன் கெல்லரைத் துணைக்கு அழைத்தார். 1887 மார்ச்சில் அவளுக்கு ஆசிரியராக ஆன் சல்லிவன் வருகிறார். ஏப்ரலில் குழாயடியில் குழந்தையின் ஒரு கையில் தண்ணீரை விட்டு, மறு கையில் விரலால் எழுதுகிறார், சொல் என்றால் என்ன என்று அவளுக்கு விளங்கிவிடுகிறது. பார்த்தீர்களா, பாடம் ஜெயித்தது என்றார். சரி, நடுவில் ஒரு மாதம் இருக்கிறதே, அது எங்கே போயிற்று? வந்த புதிதிலேயே 'பொம்மை' என்று விரலால் எழுதிக் காட்டிவிட்டார், அவளும் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பி எழுதிக் காட்டினாள், ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் அந்தப் பொல்லாத பிள்ளை ஆசிரியரையே அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள், அவளுடைய அப்பா ஏணி போட்டு ஜன்னல் வழியாக அவரை வெளியே எடுத்தார். நாமாக இருந்தால் இறங்கிய காலோடு ரயில் நிலையத்துக்குத்தான் போயிருப்போம். அந்த அம்மா போகவில்லை. 1936-இல் தான் கண்மூடும் வரை, 49 ஆண்டுகள், கூடவே இருந்தார். எதிரணி அம்மா, இது எந்தப் பாடத்திட்டத்தில் வருகிறது?

அப்துல் கலாமையும் விட்டுவைக்கவில்லை. பறவை எப்படிப் பறக்கிறது என்று அவருடைய பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் நடத்தினாராம், அதனால் பாடமாம். கரும்பலகையில் நடத்தியபோது புரியவில்லை என்று பையன்கள் சொன்ன பிறகுதானே கடற்கரைக்குக் கூட்டிப்போனார்! புரிந்ததா என்று கேட்டுவிட்டுப் பதிலையும் காதில் வாங்கிக்கொள்கிற ஆசிரியர் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர் காம்யுவை யாரும் தொடவில்லை, ஏன் என்று புரிகிறது. அல்ஜீரியாவில் ஏழைப் பிள்ளை, அப்பா 1914 போரில் இறந்துவிட்டார், அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படித்தது போதும், பையன் வேலைக்குப் போகட்டும் என்பது பாட்டியின் முடிவு. லூயி ஜெர்மேன் என்ற பள்ளி ஆசிரியர் வீடு தேடி வந்து அந்தப் பாட்டியிடம் பேசினார், காசு வாங்காமல் தனியாகச் சொல்லிக்கொடுத்து உதவித்தொகைத் தேர்வுக்கு அனுப்பினார். இலக்கணம் வகுப்பில் எல்லோருக்கும்தான் நடத்தியிருப்பார். பாட்டியிடம் போய்ப் பேசியது யாருக்காக? 1957-இல் நோபல் பரிசு கிடைத்தபோது, அம்மாவுக்கு அடுத்தபடியாகத் தன் நினைவுக்கு வந்தவர் நீங்கள்தான் என்று காம்யு அவருக்குக் கடிதம் எழுதினார்.

நடுவர் மணியில் கை வைப்பதற்குள் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கணக்கு வராது என்று இரண்டு வருடம் பேர் வாங்கியவன் நான். நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் 'கவனக்குறைவு, கவனக்குறைவு'. யாருடைய கவனக்குறைவு என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அப்புறம் ஒரு புது சார் வந்தார். பலகையில் இருந்தது 68 பெருக்கல் 7. என் நோட்டில் 63 பெருக்கல் 7, விடை 441. வழக்கம்போலத் 'தப்பு' என்று போட்டுத் தள்ளியிருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? என் தப்பான 63-ஐ எடுத்து, ஓரத்தில் பென்சிலால் தானே 7-ஆல் பெருக்கிப் பார்த்திருக்கிறார். 441 வந்திருக்கிறது. அதற்கு ஒரு 'சரி' போட்டுவிட்டு, என்னைக் கடைசி பெஞ்சிலிருந்து எழுப்பி, பலகையில் இருப்பதை வாசிக்கச் சொன்னார். நான் 8-ஐயெல்லாம் 3 என்று வாசித்தேன். ஒரு வாரத்தில் எனக்குக் கண்ணாடி வந்துவிட்டது.

பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் நடத்திய இயற்கணிதத்தை இப்போது கேட்டால் திருதிருவென்று விழிப்பேன், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கும் என்னிடம் வேலை பார்க்கிற பையன் ஒரு தப்பு செய்தால், திட்ட வாயைத் திறப்பதற்கு முன்னால், அவன் எதைப் பார்த்து எழுதினான் என்றுதான் கேட்கிறேன்.

அடித்துவிட்டீர்களா மணியை? உட்கார்ந்துவிடுகிறேன் நடுவரே. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, எதிரணிக்குச் சந்தேகம் என்றால் 63-ஐ 7-ஆல் பெருக்கிப் பார்க்கட்டும், பென்சில் நான் தருகிறேன்.