ஜால்ரா என்ன பாவம் செய்தது?

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரு வசவுச் சொல். மேலதிகாரி அடித்த மொக்கை ஜோக்குக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, லிஃப்டில் இறங்கும்போது அவரையே கழுவி ஊற்றுகிற ஆள் இருப்பார் இல்லையா? அவருக்கு நாம் வைத்த பெயர் ஜால்ரா.

இதோ, நிஜ ஜால்ரா. கேமரா பக்கம் கொண்டு வருகிறேன். நடுவில் குமிழ்போல் புடைத்த இரண்டு சின்ன உலோகத் தட்டு, குமிழில் துளை, துளையில் கோத்த கயிறு. அப்படியே தட்டையாக மோதினால் 'சக்' என்று அடைத்துவிடும். விளிம்பு மட்டும் படுகிற மாதிரித் தட்டினால்... கேட்டீர்களா, 'ஜிங்'. 'ஜிங்சக் போடுகிறான்' என்கிறோமே, அது இந்தச் சத்தம்தான். இதை வாங்கப் போன கடையில் பக்கத்தில் நின்றவர் "எந்தக் கட்சிக்கு சார்?" என்று கேட்டார்!

தஞ்சாவூரில் 1676 முதல் 1855 வரை மராத்தியர் ஆட்சி. மராத்தியரின் கீர்த்தன மரபைத் தமிழோடு கலந்து, பாட்டும் பேச்சுமாகப் புராணக் கதை சொல்கிற கதாகாலட்சேபமாக நிலைநிறுத்தியவர்களில் பெரிய பெயர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். அந்த மேடையில் பாகவதருக்குப் பின்னால் ஜால்ரா உண்டு. ராமன் பேசினாலும் அதே ஜிங், ராவணன் பேசினாலும் அதே ஜிங். பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

நம் ஆட்களுக்குக் கச்சேரி மேடை மேல் அப்படி ஒரு கண். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியை விடாமல் பிடிக்கிற குழலுக்கு ஒத்து என்று பெயர். அதிலிருந்து 'ஒத்து ஊதுகிறான்'. பின்பாட்டும் அந்த வகையறாதான். மலையாளத்திலும் இதே கதை. கதகளியில் முதல் பாடகர் பொன்னானி. அவர் பாடிய வரியைத் திருப்பிப் பாடி, இலைத்தாளம் என்கிற அந்த ஊர் ஜால்ராவைத் தட்டுகிறவர் சிங்கிடி. அங்கே கூடவே அலைகிற அல்லக்கைக்கும் சிங்கிடி என்றுதான் பெயர்!

ஆனால் இந்தப் பெயர் வைத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. ஜால்ரா பாடகரைப் புகழவில்லை, தாளத்தைக் காக்கிறது. பாடுகிறவர் உற்சாகத்தில் காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, விட்டு ஓடினால் இழுத்துப் பிடிப்பதும் அதுதான். பரதநாட்டியத்தை நடத்துகிற நட்டுவனார் தட்டும் நட்டுவாங்கத் தாளமும் இதற்குச் சொந்தம்தானே. அரங்கில் எவ்வளவு பெரிய நடனமணி ஆடினாலும் நட்டுவனார் தட்டுக்குக் கால் கட்டுப்பட்டாக வேண்டும். அப்படி நிறுத்திப் பிடிக்கிற ஆளைத் தலைவர் பக்கத்தில் நிற்க விடுவார்களா?

அப்புறம், சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்கா. குழந்தை சம்பந்தர் கையால் தாளம் போட்டுப் பாடிக் கை சிவந்துபோக, சிவன் பொற்றாளம், அதாவது பொன்னால் ஆன ஜால்ரா, கொடுத்த தலம். பொன்னில் ஏது நாதம்? அதற்கு ஓசை தந்தது அம்மன் என்பது தலபுராணம். அதனால் அவளுக்கு ஓசை கொடுத்த நாயகி என்றே பெயர். தேவாரத்துக்குத் துணை நின்ற சாமான், இன்றைக்கு ஆபீஸ் கேன்டீனில் திட்டாகிவிட்டது.

சரி, உங்கள் ஊரில் இந்த ஆளை என்ன சொல்லித் திட்டுவார்கள்? சோப்பு, ஐஸ், காக்கா எல்லாருக்கும் தெரியும், அது வேண்டாம். வேறு வாத்தியம் ஏதாவது மாட்டியிருந்தால் கமெண்டில் போடுங்கள்.