மாமியாரை வீட்டோடு அழைத்துக்கொள்ளலாமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. கணவன், மனைவி ரெண்டு பேருக்கும் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை, கணவருக்கு பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். பேறுகால விடுப்பு 98 நாள் முடியப்போகிறது. மாமியார் சுங்கைப்பட்டாணியில் தனியாக இருக்கிறார், சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். அழைத்து வந்துவிடலாம் என்கிறார் கணவர், "வேண்டவே வேண்டாம், நிம்மதி போய்விடும்" என்கிறார்கள் தோழிகள். "பண்பாடு, பாரம்பரியம் என்று சொல்லாமல் மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருந்தால் என்ன நன்மை என்று மட்டும் சொல்லுங்கள் அக்கா" என்று கேட்டிருக்கிறார்.

சரி, பண்பாட்டை ஓரமாக வைத்துவிடுவோம். அழைத்து வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் மாமியாருக்கு ஏதோ உதவி செய்கிறோம் என்ற நினைப்போடு அழைக்காதீர்கள், ஏனென்றால் அதிக லாபம் உங்களுக்குத்தான். தாஸ்காவுக்கு (குழந்தைக் காப்பகத்துக்கு) காசு கட்டிவிடலாம். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல், உடனே வாருங்கள் என்று போன் வரும்போது நீங்கள் தீவில் இருப்பீர்கள், பினாங்கு பாலத்தில் ஜாம், கணவர் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் இருப்பது பெரிய விஷயம். நம் ஆட்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு பால்மரம் வெட்டப் போனார்கள், பக்கத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பெரியம்மா இருப்பார், சித்தி இருப்பார். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தோம், அவர்கள் யாரும் கூடவே வரவில்லையே.

இது நம் ஆட்களின் கதை மட்டுமில்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானிடவியலாளரும் அவருடைய குழுவினரும் கவனித்தார்கள். தாய் கைக்குழந்தையோடு இருக்கும்போது மூத்த பிள்ளையின் எடை ஏறுவது, பாட்டி எவ்வளவு நேரம் கிழங்கு தோண்டுகிறாள் என்பதைப் பொறுத்து இருந்ததாம். தாயைப் பொறுத்து இல்லை, பாட்டியைப் பொறுத்து!

இனி மாமியார் பக்கம் பார்ப்போம். இன்சுலின் போடுகிறவருக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்கினால் உடம்பு வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், சில நேரம் தனக்கு என்ன ஆகிறது என்றே அவருக்குத் தெரியாது. நினைவோடு விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். (மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 999க்கு அடியுங்கள்.) சின்ன வேலைதான், ஆனால் தனியாக இருக்கிறவருக்கு அதை யார் செய்வது? தினமும் போன் பண்ணி "சாப்பிட்டீங்களா அத்தை" என்று கேட்டால் "சாப்பிட்டேன்மா" என்றுதான் பதில் வரும். கூட இருந்தால் தட்டைப் பார்த்தே தெரிந்துவிடும்.

அப்புறம் தமிழ். நாள் முழுக்க மலாயும் ஆங்கிலமும் கேட்கிற பிள்ளைக்கு வீட்டில் தமிழில் கதை சொல்ல, திட்ட, கொஞ்ச ஒருவர் இருந்தால் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

வரியிலும் கொஞ்சம் லாபம் உண்டு. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வரி விலக்கு இருக்கிறது, 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து தாத்தா, பாட்டிக்கும் சேர்த்து. ரசீதுகளை ஏழு வருஷம் வைத்திருங்கள்.

தோழிகள் சொல்வதும் பொய்யில்லை. ஒரே சமையலறையில் இரண்டு பேர் நின்றால் சத்தம் வரத்தான் செய்யும். முக்கால்வாசிச் சண்டை வேலையை யாரும் வாய்விட்டுப் பேசிப் பிரிக்காததால் வருவது, அதனால் மாமியார் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். அதையும் கணவர் பேசட்டும், அவருடைய அம்மாதானே. மாமியாரைச் சம்பளம் இல்லாத ஆயாவாக ஆக்கிவிடாதீர்கள். கைக்குழந்தையை நாள் முழுக்கத் தூக்கும் வயது அவருக்கு இல்லை. பகலில் தாஸ்காவும் இருக்கட்டும், காலையும் மாலையும் அவசரத்துக்கும் பாட்டி. மாதம் ஒரு தொகையை அவர் கேட்காமலே கையில் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் கோயிலோ, சிநேகிதி வீடோ, அவர் இஷ்டம். கீழே ஒரு அறை இருந்தால் அதை அவருக்குக் கொடுத்து, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போடுங்கள்.

இன்னொன்று, சுங்கைப்பட்டாணி வீட்டை இப்போதைக்கு விற்கச் சொல்லாதீர்கள். ஒரு வருஷமாவது பூட்டியே இருக்கட்டும், தண்ணீர், கரண்ட் எதையும் நிறுத்த வேண்டாம். போக ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தால் அவரும் தயங்காமல் வருவார். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது, பள்ளி விடுமுறையில் நீங்களும் பிள்ளையோடு போய் இருந்துவிட்டு வரலாம்.